அச்சுக்கலையைக் கண்டவர் யார்? பதக்கங்கள் நடத்திய வழக்கு

பெருமக்களின் முகத்தை உலோகத்தில் பொறித்துப் போற்றும் வழக்கம் மேனாட்டில் நெடுங்காலமாக உண்டு. நாணயம் வேறு, நினைவுப் பதக்கம் வேறு. நாணயத்தை அரசு வெளியிடும், அதற்கு மதிப்பு உண்டு, கடைத்தெருவில் செல்லும். நினைவுப் பதக்கத்தைக் கொடுத்துப் படி அரிசி வாங்க இயலாது. அதனை அரசனும் வெளியிடலாம். நகர சபையும் வெளியிடலாம். கையில் பணமுள்ள ஒரு வணிகனும் வெளியிடலாம். ஒரு புறத்தில் போற்றப்படுபவரின் தலை இருக்கும். மறு புறத்தில் அவர் ஆற்றிய செயலைக் காட்டும் உருவமும் வாசகமும் இருக்கும். நம் சிறுவர்கள் நாணயத்தைச் சுண்டிவிட்டுப் 'பூவா தலையா' என்று கேட்பார்களே, அந்தத் தலையும் பூவுந்தான்.

இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ, 1438ஆம் ஆண்டையொட்டி, பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜானின் உருவத்தை வார்த்த பதக்கமே இக்கலையின் தொடக்கம் என்பர். அதே காலத்தில் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, ஸ்திராஸ்பர்க் நகரில், கூட்டன்பர்க் என்ற ஒருவர் தம் கூட்டாளிகளுடன் ஏதோ ஒரு மறைவான தொழில் முயற்சியில் ஈடுபட்டிருந்தார் என்பதை 1439ஆம் ஆண்டின் நீதிமன்ற ஏடுகள் காட்டுகின்றன. பதக்கக் கலையும் அச்சுக்கலையும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் பிறந்தவை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே வழங்குகிறது! நூலையும் அச்சடிக்கிறோம், காசையும் அச்சடிக்கிறோம். இது வெறும் சொல்லொற்றுமை அன்று. கூட்டன்பர்க்கின் தந்தை மைன்ஸ் நகரத் தங்கசாலையோடு தொடர்புடையவர். எஃகுக் கோலின் நுனியில் உருவத்தைச் செதுக்கி, அதனை மென்மையான உலோகத்தில் அடித்துப் பதிக்கும் தங்கசாலைத் தந்திரமே எழுத்து வார்க்கும் கலைக்கும் அடிப்படை ஆயிற்று.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் பதக்கத்தில் இடம் பெற்றோர் பெரும்பாலும் அரசரும் படைத்தலைவரும் சமயத் தலைவருமே. புதியன கண்டோர் அந்த வரிசையில் தாராளமாக இடம் பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். 1783இல் வெப்பக் காற்றுக் கூண்டை வானில் ஏற்றிய மொங்கோல்ஃபியே சகோதரர்களுக்கு அவ்வாண்டிலேயே பிரான்சில் பதக்கம் வெளிவந்தது. பெஞ்சமின் பிராங்கிளினின் கதையோ இன்னும் சுவையானது. இடிதாங்கியைக் கண்ட அவர், அமெரிக்கத் தூதராகப் பாரிசில் தங்கியிருந்தபொழுது, நீனி என்ற சிற்பி 1777இல் மயிர்த்தொப்பி அணிந்த அவர் முகத்தைச் சுட்ட மண்ணில் வட்டப் பதக்கங்களாகச் செய்து பரப்பினார். மோதிரத்திலும் பொடிப்பெட்டியிலுங்கூட அம்முகம் ஏறியது. தம் முகம் நிலவின் முகத்தைப்போல் எல்லாருக்கும் பழகிப்போயிற்று என்று பிராங்கிளின் 1779இல் தம் மகளுக்கு வேடிக்கையாக எழுதினார். பின்னர் 1784லும் 1786லும் தூப்ரே என்ற பதக்கச் சிற்பி அவருக்குப் பதக்கங்கள் செய்தார். இடியை வென்றதையும் அமெரிக்க விடுதலையையும் ஒருங்கே புகழும் இலத்தீன் வாசகம் அவற்றில் உண்டு.

பிராங்கிளின் பதக்கத்தை நம்பலாம். சிற்பி அவர் வாழ்ந்த நகரிலேயே வாழ்ந்தவர். அவரது முகத்தை அறிந்தவர். ஆனால், இறந்து முந்நூறு நானூறு ஆண்டுகள் கழிந்த ஒருவருக்குப் பதக்கம் வெளியிட்டால் என்ன ஆகும்? அச்சுக்கலைப் பதக்கங்கள் இக்கேள்விக்கு நல்ல விடை தருகின்றன.

இப்பதக்கங்கள் ஒரு தனிக் குடும்பம் எனத்தக்க அளவுக்குப் பெருகியவை. இங்கிலாந்தில் அச்சுத் தொழில் செய்து வந்த வில்லியம் பிளேட்ஸ் (1824–1890) என்பவர் இவற்றை ஆராய்ந்து, அச்சுக்கலையின் வரலாற்றைப் பதக்கங்களின் வழியே காட்டும் நூலொன்றை 1883இல் வெளியிட்டார். ஆங்கில நாட்டின் முதல் அச்சாளரான காக்ஸ்டனின் வரலாற்றை எழுதியவரும் அவரே. அவர் தொகுத்த நூல்கள் பின்னர் இலண்டனில் செயின்ட் பிரைட் நூலகத்துக்கு அடித்தளமாயின. பகலெல்லாம் அச்சுக்கூடத்தில் மையோடும் தாளோடும் போராடிய ஒருவர், தம் தொழிலின் முன்னோரைத் தேடிப் பழம்பொருள் கடைகளில் அலைந்திருக்கிறார். சேகரிப்பு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதற்கு அவர் ஒரு சான்று.

அச்சுக்கலைப் பதக்கங்களை ஒரு மேசைமேல் பரப்பிப் பார்ப்பவர்க்கு விரைவில் ஒரு குழப்பம் நேரும். ஒரு பதக்கம் இக்கலையைக் கண்டவர் மைன்ஸ் நகரத்துக் கூட்டன்பர்க் என்கிறது. மற்றொன்று ஹார்லெம் நகரத்து லாரன்ஸ் யான்சூன் காஸ்டர் என்கிறது. ஒன்று 1440 என்கிறது. இன்னொன்று 1423 என்கிறது. இரண்டும் நல்ல வெள்ளி. இரண்டும் தேர்ந்த கைவேலை. இரண்டிலும் தாடியோ தொப்பியோ அணிந்த ஒரு பெரியவர் நம்மைப் பார்க்காமல் பக்கவாட்டில் நோக்குகிறார். நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள் கொண்டனர் நம் மக்கள். ஆனால் இங்கே இரண்டு வெள்ளி வட்டங்களுள் ஒன்று நாணயமற்றது!

ஹார்லெம் என்பது ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்கே உள்ள பழம்பெரும் நகரம். அங்கே வழங்கிய கதையை முதன்முதலில் விரிவாக எழுதி வைத்தவர் ஹத்ரியானுஸ் யூனியுஸ் என்ற மருத்துவர். அவர் 1575இல் காலமானார். அவருடைய 'பத்தாவியா' என்ற நூல் 1588இல் அச்சேறியது. கதை இதுதான். காஸ்டர் என்பவர் ஒரு நாள் நகருக்கு வெளியே சோலையில் உலாவினார். புங்கமரம்போல் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் மரமன்று அது. பீச் என்னும் அந்நாட்டு மரம். அதன் பட்டையில் எழுத்துகளைத் தலைகீழாகச் செதுக்கித் தாளில் ஒற்றி எடுத்தார். பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதற்காகவே அவ்வாறு செய்தார். பிறகு ஈயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் மாறினார். தொழில் பெருகியது, ஆட்களை வைத்துக்கொண்டார். அவர்களுள் ஜான் என்ற ஒருவன், கிறிஸ்துமஸ் முன்னிரவில் எல்லாரும் கோயிலில் இருந்தபொழுது, எழுத்துகளையும் கருவிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, இறுதியில் மைன்ஸில் கடை விரித்தான்.

பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பாட்டனார்; திருடி ஓடும் வேலையாள். எந்த ஊரார்தாம் இக்கதையை மறக்க விரும்புவர்? ஆசிரியர்களுக்குக்கூட இதில் ஒரு பற்று ஏற்படுவது இயல்பே. ஏனெனில், அச்சுக்கலையே ஒரு பாடம் நடத்துவதற்காகப் பிறந்தது என்று கதை சொல்கிறது.

கதைக்கு ஆண்டு வேண்டுமல்லவா? யூனியுஸ் 1440ஐ ஒட்டிய காலத்தைக் குறித்தார். 1628இல் ஸ்கிரிவேரியுஸ் என்ற அறிஞர் ஹார்லெமின் சார்பில் நூல் எழுதி அதனை 1428க்குத் தள்ளினார். 1740இல் லைப்சிக் முதலிய ஜெர்மானிய நகரங்கள் அச்சுக்கலையின் முந்நூறாவது ஆண்டைக் கொண்டாடியபொழுது, ஹார்லெமும் தன் காஸ்டருக்கு விழா எடுத்தது. ஆம்ஸ்டர்டாமில் தொழில் நடத்திய மார்ட்டின் ஹோல்ட்ஸ்ஹை என்ற புகழ்பெற்ற பதக்கச் சிற்பி காஸ்டருக்குப் பதக்கம் செய்தார். அவர் பிறந்தது ஜெர்மனியிலுள்ள உல்ம் நகரில்! பிழைக்க வந்த நாட்டின் பெருமையைப் பிறந்த நாட்டுக்கு எதிராக அவர் பொறித்தார். சிற்பிக்குக் கூலி, ஊருக்குப் பெருமை.

அதன்பின் நெப்போலியன் போர்கள் வந்தன. ஹாலந்து சில ஆண்டுகள் பிரான்சின் ஒரு பகுதியாகவே விழுங்கப்பட்டது. 1815இல் நெதர்லாந்து அரசு புதிதாக நிறுவப்பட்டபொழுது, அதற்குப் பழம்பெருமை தேவைப்பட்டது. ஹார்லெமில் ஒரு குழு கூடி ஆராய்ந்து, காஸ்டர் அச்சுக்கலையைக் கண்டது 1420க்கும் 1425க்கும் இடையே என்று முடிவு செய்து, 1423 என்ற ஆண்டை வகுத்துக்கொண்டது. 1823 ஜூலையில் நானூறாம் ஆண்டு விழா பெருஞ்சிறப்புடன் நடந்தது. காஸ்டர் உலாவியதாகச் சொல்லப்பட்ட சோலையில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. பதக்கங்கள் வெளியாயின. ஜெர்மானியர் 1440க்குக் கணக்கு வைத்து 1840வரை காத்திருக்க, ஹார்லெம் பதினேழு ஆண்டு முந்திக்கொண்டது. பந்தயத்தில் ஓடுபவன் முந்துவான். இங்கே பந்தயத்தின் தொடக்கக் கோடே பின்னுக்கு நகர்ந்தது. 1856இல் நகரின் பெரிய சதுக்கத்தில் காஸ்டரின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. கையில் 'ஏ' என்னும் எழுத்தை உயர்த்திப் பிடித்து நிற்கிறது அது.

ஜெர்மானியரின் பக்கமும் முற்றிலும் தூய்மையானதன்று. 1840இல் ஜெர்மனி ஒரு நாடாக இல்லை. சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ நாற்பது அரசுகள் இருந்தன. எல்லாருக்கும் பொதுவான ஒரு பெருமகன் தேவைப்பட்டார், கூட்டன்பர்க் அகப்பட்டார். 1819ஆம் ஆண்டின் கார்ல்ஸ்பாத் ஆணைகளால் ஏடுகளும் நூல்களும் தணிக்கைக்கு உட்பட்டிருந்த காலம் அது. அச்சுக்கலைக்கு விழா எடுத்த சாக்கில், அச்சாளரும் எழுத்தாளரும் அச்சு உரிமையைப் பற்றியும் பேசிக்கொண்டனர். ஸ்திராஸ்பர்க் நகரிலோ, அது அப்பொழுது பிரான்சுக்கு உரியதாதலால், பிரெஞ்சுச் சிற்பி தாவித் தாஞ்செ கூட்டன்பர்க்கின் சிலையை வடித்தார்; அதுவும் 1840இல்தான் திறக்கப்பட்டது. அந்நகருக்குச் சொந்தமாகவே மெண்டலின் என்றோர் உரிமைக்காரர் முன்பு இருந்தார். அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு, கூட்டன்பர்க் தம் ஊரில் தொழில் பழகியதையே பெருமையாகக் கொண்டனர்.

கூட்டன்பர்க்கின் முகமும் ஒரு கற்பனையே. அவர் 1468இல் இறந்தார்; அவரைப் பார்த்து வரைந்த படம் ஒன்றும் இல்லை. பிளவுபட்ட நீண்ட தாடியும் தொப்பியுமாகப் பதக்கந்தோறும் நாம் காணும் உருவம், அவர் மறைந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 1584இல் பாரிசில் வெளிவந்த ஒரு செப்புத்தகட்டுப் படத்திலிருந்து வந்தது. காஸ்டரின் முகத்துக்கோ அந்த அளவு ஆதாரமும் இல்லை.

ஆயினும் இருவரும் ஒன்றல்லர். கூட்டன்பர்க்குக்கு முகம் இல்லாவிட்டாலும் முகவரி உண்டு. 1455 நவம்பர் 6ஆம் நாளிட்ட பத்திரம் ஒன்று இன்றும் இருக்கிறது. தாம் கடனாகக் கொடுத்த பணத்தைக் கேட்டு ஃபுஸ்ட் என்ற செல்வர் கூட்டன்பர்க்கின்மீது தொடுத்த வழக்கின் ஆவணம் அது. நூல்களின் தொழில் என்றே அதில் குறிப்பு உண்டு. நாற்பத்திரண்டு வரி விவிலியத்தின் தாள்கள் 1454இலேயே பிராங்பர்ட் நகரில் காட்டப்பட்டதை, பின்னாளில் போப்பாண்டவரான பிக்கொலோமினியின் கடிதம் சொல்கிறது. உலகை மாற்றிய மனிதரைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள சிறந்த சான்று ஒரு கடன் வழக்கு! அவர் பெயரைத் தாங்கிய அச்சுநூல் ஒன்றுகூட இல்லை. 1457இல் வெளிவந்த சங்கீத நூலில் ஃபுஸ்டின் பெயரும், அவருடன் சேர்ந்துகொண்ட ஷேஃபரின் பெயருமே உள்ளன.

காஸ்டரின் பக்கத்து ஆவணங்களை ஆராய்ந்தவர் ஒரு ஹாலந்துக்காரரே. அந்தோனியுஸ் வான் டெர் லிண்டே என்ற அவ்வறிஞர், சதுரங்க ஆட்டத்தின் வரலாற்றையும் எழுதியவர். 1870இல் அவர் வெளியிட்ட நூல், காஸ்டர் கதையை ஒரு கட்டுக்கதை என்றே தலைப்பில் அறிவித்தது. ஹார்லெமின் பழைய கணக்கேடுகளில் இரண்டு லாரன்ஸ் யான்சூன்கள் இருந்தனர் என்று அவர் காட்டினார். ஒருவர் செல்வர், நகர மன்றத்தில் இருந்தவர். ஆனால் காஸ்டர் என்ற பெயர் அவருக்கு இல்லை. அவர் 1439இல் இறந்தார். மற்றவரே காஸ்டர், கொழுப்பு மெழுகுதிரி விற்றவர், பிறகு விடுதி நடத்தியவர், 1483இல் ஊரைவிட்டே போனவர். இருவரையும் ஒட்டவைத்து ஒரு மனிதராக்கி, அம்மனிதருக்கு ஓர் அச்சுக்கூடமும் கொடுத்துவிட்டது கதை. அவர் மெழுகுதிரி விற்ற கணக்கு இருக்கிறது. ஓரெழுத்து வார்த்த கணக்கு இல்லை.

ஊரார் மகிழ்ச்சி அடைந்திருப்பார்களா? வான் டெர் லிண்டேக்கு அவர் நாட்டில் வசை மிகுந்தது. பின்னர் அவர் ஜெர்மனிக்குச் சென்று வீஸ்பாதன் நகரில் நூலகராகப் பணியாற்றினார். வேடிக்கை என்னவெனில், அவர் நூலை 1871இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஹெஸ்ஸல்ஸ் என்பவர், சில ஆண்டுகளில் கட்சி மாறி, 1887இல் ஹார்லெமே அச்சுக்கலையின் பிறப்பிடம் என்று நூல் எழுதினார்! அவரை முற்றும் குறை கூறுவதற்கும் இல்லை. 1499இல் கொலோன் நகரில் அச்சான வரலாற்று நூல், மைன்ஸுக்கு முதன்மை தந்தபோதிலும், ஹாலந்தில் அச்சிட்ட இலக்கண நூல்களில் இக்கலைக்கு ஒரு முன்மாதிரி இருந்தது என்றும் கூறிவைத்தது. ஆண்டும் பெயரும் இல்லாத பழைய டச்சு அச்சுத் துண்டுகள் மெய்யாகவே உள்ளன. அவை கூட்டன்பர்க்குக்குப் பிற்பட்டவை என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து.

எனவே, பதக்கத்தைச் சான்றாகக் கொள்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1823ஆம் ஆண்டுப் பதக்கம் 1823ஆம் ஆண்டைப் பற்றி உண்மையே பேசுகிறது: அவ்வூரார் எதை விரும்பினர், யாருக்கு அஞ்சினர், எவ்வளவு செலவிட்டனர் என்பவற்றை. 1423ஐப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பொய்யான பதக்கம் என்று அதை வீசி எறிபவன் நல்ல வரலாற்றுச் சான்றை இழக்கிறான். ஹார்லெம் நகரிலேயே 1784இல் திறக்கப்பட்ட டெய்லர் காட்சிசாலை நாணயங்களையும் பதக்கங்களையும் பேணி வருகிறது.

பதக்கத்தின் உள்ளடக்கம் பொய்யாவது ஒரு வகை. பதக்கமே போலியாவது வேறு வகை. பழைய பதக்கத்தை அச்சாக வைத்து வார்த்த நகல், உலோகம் ஆறும்பொழுது சுருங்குவதால் மூலத்தைவிடச் சற்றுச் சிறுத்துவிடும். அளவுகோலே அதனைக் காட்டிக்கொடுக்கும். மின்முறையில் இரு பக்கங்களையும் தனித்தனியே செய்து ஒட்டிய நகலுக்கு விளிம்பில் ஒட்டுக்கோடு இருக்கும். இவ்விரண்டையும் விடத் தந்திரமானது, மூல அச்சைக்கொண்டே பிற்காலத்தில் மீண்டும் அடித்த பதக்கம். பாரிஸ் தங்கசாலை பழைய அச்சுகளைக் காத்து வைத்து, கேட்போருக்கு அடித்துத் தந்தது; பிராங்கிளின் பதக்கமும் அவ்வாறு பலமுறை வெளிவந்ததே. ஆனால் அது நேர்மையாக விளிம்பில் முத்திரை இட்டது. 1832இலிருந்து பழங்கால விளக்கு; 1841இல் நங்கூரம்; 1842இலிருந்து கப்பலின் முகப்பு; 1845இலிருந்து சுட்டும் கை; 1860இலிருந்து தேனீ; 1880இலிருந்து கனிகள் நிறைந்த கொம்பு. 1786 என்று முகத்தில் எழுதிய பதக்கத்தின் விளிம்பில் தேனீ இருந்தால், அது 1860க்குப் பின் பிறந்தது. முகத்தை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். இன்னொன்றும் உண்டு: வெண்கலத்தின்மேல் காலம் பூசிய கருமையைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து, குத்துவிளக்குப்போல் பளபளக்கச் செய்வது பெருங்கேடு. தேய்த்த பதக்கத்தைத் தேர்ந்த சேகரிப்பாளர் கையால் தொடமாட்டார்.

இந்த வழக்கில் வாதியும் பிரதிவாதியுமாக நின்ற இரு நாட்டினரும் தமிழுக்கு அச்சுப்பணி செய்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. டச்சுக்காரர் கொழும்பில் 1737இல் தொடங்கிய அச்சுக்கூடம் சிங்களத்தோடு தமிழையும் அச்சிட்டது. ஹார்லெமும் லைப்சிக்கும் 1740இல் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு விழாக் கொண்டாடிய அந்நாளில், கடல் கடந்து இரு தரப்பினரின் அச்சுக்கூடங்களும் தமிழ் எழுத்துக்கு மை தடவிக்கொண்டிருந்தன. அவ்விருவருக்கும் முன்பே, 1578இல், கொல்லத்தில் போர்த்துக்கீசியப் பாதிரிமார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுவிட்டனர்.

ஐரோப்பாவின் பதக்கச் சிற்பிகள் எவரும் கிழக்கே திரும்பிப் பார்த்ததில்லை. சீனத்தில் பி ஷெங் என்பவர் 1040ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுட்ட களிமண்ணால் தனித்தனி எழுத்துகள் செய்தார். கொரியாவில் சோங்ஜு நகருக்கருகே ஒரு பௌத்த மடத்தில், 1377இல், உலோக எழுத்துகளைக்கொண்டு 'ஜிக்ஜி' என்னும் ஞானநூல் அச்சிடப்பட்டது. அதன் இரண்டாம் பகுதியின் ஒரே பிரதி, கொரியாவில் பணியாற்றிய பிரெஞ்சுத் தூதர் ஒருவரால் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1900இல் மைன்ஸ் நகரம் கூட்டன்பர்க்கின் ஐந்நூறாவது பிறந்த ஆண்டைக் கொண்டாடி, அவர் பெயரால் ஒரு காட்சிசாலையையும் நிறுவியது. அதற்கடுத்த ஆண்டில் பாரிசில் வெளிவந்த கொரிய நூற்பட்டியலின் பிற்சேர்க்கையில், 'ஜிக்ஜி' உலோக எழுத்தால் அச்சானது என்ற குறிப்பு இருந்தது. விழாக் கூட்டத்தில் அதைப் படித்தவர் சிலரே. 1911இல் அப்பிரதி ஏலத்துக்கு வந்தபொழுது, நகைத் தொழில் செய்துவந்த ஆன்ரி வேவேர் என்ற சேகரிப்பாளர் 180 பிராங்குக்கு அதை வாங்கினார். அவருடைய வாரிசுகள் 1950இல் அதனைப் பிரான்சின் தேசிய நூலகத்துக்கு அளித்தனர். 1972இல், உலக நூல் ஆண்டை முன்னிட்டுப் பாரிசில் நடந்த கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவேட்டில் சேர்த்துக்கொண்டது.